ஜித்தாவுக்கு ஆறு மணி நேரம். அய்யலூரிலிருந்து எத்தனை மணி நேரம்?

பக்ரீத் நெருங்கும் வியாழக்கிழமைகளில் அய்யலூர் ஆட்டுச்சந்தையில் கால் வைக்க இடம் இருக்காது. திருச்சி, மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வியாபாரிகள் வந்து குர்பானிக்கான ஆடுகளை விலை பேசிக்கொண்டிருப்பார்கள். அதே நாட்களில் இந்தப் பகுதியின் ஹாஜிகள் மக்காவில் இருப்பார்கள். சந்தைக்கு வந்த இடத்தில்கூட, "அத்தா எப்படி இருக்காங்க? போன் பண்ணாங்களா?" என்ற விசாரிப்பு காதில் விழும். அடுத்து எப்படியும் ஒரு கேள்வி வரும். "இங்கேயிருந்து எத்தனை மணி நேரமாச்சு?"

இந்தக் கேள்விக்குக் கைப்பேசி ஒரு நொடியில் பதில் சொல்லிவிடும். திருச்சி விமான நிலையத்துக்கும் ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,380 கி.மீ. பறக்கும் நேரம் ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி வரை. கணக்கு சரிதான். ஆனால், ஹஜ்ஜுக்குப் போய் வந்த ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மக்காவில் அறைக்குள் பையை வைக்கும் வரை ஒன்றரை நாளுக்கு மேல் ஆனது என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

இந்த ஆறு மணி நேரத்துக்கும் அந்த ஒன்றரை நாளுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? இது பூகோளப் பாடம் மட்டும் அல்ல. நம் பெரியவர்களின் உடல் நலம், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் கடைசிப் பார்வை, சமுதாயம் அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கை எல்லாமே இதில் அடங்கியிருக்கின்றன.

நூல் பிடித்த தூரம்

இரு விமான நிலையங்களுக்கு இடையே சொல்லப்படும் தூரம் என்பது, உருண்டையான பூமியின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி. நாம் கிப்லாவை முன்னோக்குவதும் அதே வழியில்தான். அய்யலூரில் நின்று பார்த்தால் கஃபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 21 பாகை வடக்கே தள்ளி, சுமார் 4,260 கி.மீ. தொலைவில் இருக்கிறது. விமானங்களும் கிட்டத்தட்ட இந்தத் திசையில்தான் அரபிக்கடலைக் கடக்கின்றன.

இந்த முறையில் நம்மைச் சுற்றியுள்ள விமான நிலையங்களிலிருந்து ஜித்தாவுக்கு உள்ள தூரத்தைக் கணக்கிட்டால், கொச்சி 4,170 கி.மீ., மதுரை 4,355 கி.மீ., திருச்சி 4,380 கி.மீ., சென்னை 4,445 கி.மீ. என்று வருகிறது. இவற்றில் ஜித்தாவுக்கு மிகத் தொலைவில் இருப்பது சென்னை.

இப்போது சாலைக் கணக்கைப் பாருங்கள். அய்யலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 75 கி.மீ., மதுரை விமான நிலையம் சுமார் 100 கி.மீ., சென்னை சுமார் 400 கி.மீ. வடமேற்கே இருக்கும் மக்காவுக்குப் போக வேண்டிய நம் ஹாஜி, முதலில் வடகிழக்கே 400 கி.மீ. பயணம் செய்கிறார். அங்கே போய் திருச்சியைவிட 65 கி.மீ. கூடுதல் தூரம் உள்ள விமானத்தில் ஏறுகிறார். திரும்பி வரும்போதும் இதே கதைதான்.

கடிகாரம் காட்டும் கணக்கு

விமான நேரத்தைப் பார்த்து நம்மவர்கள் குழம்புவது வழக்கம். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் இங்குள்ள நேரமாகவும், சேரும் நேரம் அங்குள்ள நேரமாகவும் அச்சிடப்பட்டிருக்கும். காலை 10 மணிக்குப் புறப்பட்டு ஆறு மணி நேரம் பறந்தால் சவூதி நேரப்படி பகல் 1.30க்கு இறங்குவீர்கள். காகிதத்தில் மூன்றரை மணி நேரப் பயணம் போலத் தெரியும். அங்கிருந்து காலை 10 மணிக்குக் கிளம்பி ஐந்தரை மணி நேரம் பறந்தால் நம் நேரப்படி மாலை 6 மணி. எட்டு மணி நேரம் ஆனது போலத் தெரியும். துபையில் விமானம் மாறி வருபவர்கள் இடையில் துபை நேரம் என்று மூன்றாவது கடிகாரத்தையும் பார்க்க வேண்டியிருக்கும். எனவே டிக்கெட்டில் 'மொத்தப் பயண நேரம்' என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

போகும்போதும் வரும்போதும் பறக்கும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மேல் வானத்துக் காற்று எதிர்த்து வீசினால் நேரம் கூடும், பின்னாலிருந்து தள்ளினால் குறையும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று வளைகுடாவிலிருந்து திரும்புவோருக்கு உதவும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வேகக் காற்றோட்டம் ஓடுகிறது. அதை 1958ல் ஆய்வுக் கட்டுரையாக உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம்.

நேரக் கணக்கு வணக்கத்தோடும் தொடர்புடையது. ரமளானில் உம்ராவுக்குப் போகிறவர் இங்கே ஸஹர் செய்து நோன்போடு விமானம் ஏறினால், சூரியனைத் துரத்திக்கொண்டு மேற்கே போகிறார். ஜித்தாவில் சூரியன் மறைவது நமக்கு இரண்டரை மணி நேரத்துக்கும் பிறகு. நோன்பு அந்த அளவு நீளும். சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு மருத்துவரிடமும், பயணிக்கு உள்ள சலுகை குறித்து ஆலிம்களிடமும் கேட்டுக்கொள்வது நல்லது.

மீகாத் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நேராக மக்கா செல்பவர்கள் விமானம் மீகாத் எல்லையைக் கடக்கும் முன் இஹ்ராமுக்கான நிய்யத்தை வைத்தாக வேண்டும். விமானம் நிமிடத்துக்கு 14 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அறிவிப்பு வரும்போது தூங்கிக்கொண்டிருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் 70 கி.மீ. கடந்துவிட்டிருக்கும். இஹ்ராம் துணியைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, ஜித்தாவில் இறங்கிய பிறகு கைபிசைந்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். இஹ்ராம் துணி கைப்பையில் இருக்க வேண்டும். விமானம் ஏறும் முன்பே குளித்து உடுத்திக்கொள்வது இன்னும் நல்லது. முதலில் மதீனா செல்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை புறப்படும்போது இல்லை.

2022ல் நடந்தது

தூரத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு 2022 ஹஜ் நல்ல உதாரணம். கொரோனாவைக் காரணம் காட்டி, ஹஜ் பயணிகள் புறப்படும் விமான நிலையங்களின் எண்ணிக்கை நாடு முழுவதும் 21லிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. சென்னை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தமிழகம், புதுச்சேரி, அந்தமான் ஹாஜிகள் கொச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டியதாயிற்று. முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சமுதாய அமைப்புகள் குரல் கொடுத்தன. அல்ஹம்துலில்லாஹ், 2023ல் சென்னை மீண்டும் கிடைத்தது.

அந்தப் போராட்டம் நியாயமானது. ஆம்பூர், வாணியம்பாடி, சென்னை, விழுப்புரம் பக்கத்து ஹாஜிகளைக் கேரளாவுக்கு அனுப்பியது பெரிய அநியாயம். ஆனால் நம் பகுதியில் நின்று பார்த்தால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அய்யலூரிலிருந்து பழனி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி விமான நிலையம் 300 கி.மீ.க்குச் சற்று மேல்தான். சென்னையைவிட 90 கி.மீ. குறைவு. திண்டுக்கல்லில் அமிர்தா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஆலுவாவில் இறங்கிவிடலாம். விமானத் தூரமும் 270 கி.மீ.க்கு மேல் குறைவு.

அப்படியென்றால் திண்டுக்கல் மாவட்ட ஹாஜிகளுக்குக் கொச்சி லாபம்தானா? தூரத்தை மட்டும் பார்த்தால் ஆம். ஆனால் வழியனுப்ப வரும் குடும்பத்தார் தங்க இடம், விளங்கும் மொழியில் வழிகாட்டும் தன்னார்வலர், நம் மாநில ஹஜ் கமிட்டி அலுவலர்கள், நமக்குப் பழகிய மருத்துவர், இவையெல்லாம் சென்னையில்தான். ஊரை விட்டே அதிகம் போகாத எழுபது வயதுத் தாயாருக்கு இந்த வசதிகள் 90 கி.மீ.யைவிடப் பெரியவை. அதனால்தான் 'கிட்டத்தில் இருப்பது எது' என்ற கேள்வியைக் கிலோமீட்டரால் மட்டும் தீர்க்க முடியாது என்கிறோம். அதே காரணத்தால், சென்னை மீண்டும் கிடைத்ததோடு நம் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. தமிழகத்தின் கோரிக்கை சென்னையில் தொடங்கிச் சென்னையிலேயே முடிந்துவிட்டது. தென் மாவட்டங்களின் 400 கி.மீ., கன்னியாகுமரிக்காரர்களின் 700 கி.மீ. அப்படியே இருக்கிறது.

மொத்தக் கணக்கு

அய்யலூரிலிருந்து சென்னை வழியாகப் போகும் ஒரு ஹாஜியின் நேரத்தை வரிசையாகப் போட்டுப் பார்ப்போம். சென்னைக்குச் சாலைவழியில் எட்டு மணி நேரம். ஆவணங்களைப் பெறுவதற்காக முந்தைய நாளே சென்று தங்க வேண்டியிருப்பதால் ஏறக்குறைய ஒரு நாள். விமான நிலையத்தில் நான்கு மணி நேரம். விமானத்தில் ஆறு மணி நேரம். ஜித்தாவில் குடியேற்றச் சோதனை, பெட்டி, பேருந்துக்கான காத்திருப்பு என்று மூன்று மணி நேரம். மக்காவுக்கு இரண்டு மணி நேரம். நம் கணக்குப்படி 40 மணி நேரத்துக்கு மேல். இதில் விமானத்தின் பங்கு ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

முன்னோர் பட்ட சிரமத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ரயிலேறி பம்பாய் போய், அங்கிருந்து கப்பலில் ஜித்தா சேரப் பன்னிரண்டு முதல் பதினைந்து நாட்கள் ஆன காலம் உண்டு. அந்தக் கப்பல் சேவை 1995ல்தான் நின்றது. ஆனால் அன்று சிரமத்துக்குக் காரணம் கடல். கடலை யாரும் சுருக்க முடியாது. இன்று சிரமத்தின் பெரும்பகுதி அட்டவணையிலும் அனுமதியிலும் இருக்கிறது. அவற்றைச் சுருக்க முடியும்.

260 கி.மீ. கூடினால் பத்து மணி நேரம் கூடுமா?

உம்ராவுக்குச் செல்வோரும் வேலைக்குச் செல்வோரும் ஆண்டு முழுவதும் போய்வருகிறார்கள். இதை எழுதும் வரை திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஜித்தாவுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் நேரடி விமானம் இல்லை. துபை, ஷார்ஜா போன்ற இடங்களில் மாற வேண்டும், அல்லது மும்பையில் மாற வேண்டும்.

தூரத்தைப் பார்த்தால் இதில் பெரிய நட்டம் இல்லை. திருச்சியிலிருந்து துபை 2,940 கி.மீ., துபையிலிருந்து ஜித்தா 1,700 கி.மீ., மொத்தம் 4,640. நேர்வழியைவிட 260 கி.மீ.தான் அதிகம். மும்பை வழியும் ஏறக்குறைய இதே அளவுதான். விமானத்துக்கு இது இருபது நிமிடத் தூரம். ஆனால் இறங்கி, காத்திருந்து, மீண்டும் சோதனை முடித்து, அடுத்த விமானம் ஏறுவதற்குள் நான்கு மணி நேரமும் ஆகலாம், பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். பயணத்தை நீட்டுவது அந்தக் காத்திருப்புதான்.

வழியில் ஆபத்தும் உண்டு. 2025 ஜூன் 23 அன்று இரவு, கத்தாரிலுள்ள அமெரிக்க இராணுவத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது கத்தார் தன் வான்வெளியை மூடியது. அமீரகம், குவைத், பஹ்ரைன் வான்வெளிகளிலும் தற்காலிகத் தடை வந்தது. விமானங்கள் நடுவழியில் திரும்பின. இடையில் மாறிச் செல்லும் பயணிகள் ஆங்காங்கே சிக்கினார்கள். அதற்கு முன் 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதில், டெல்லி போன்ற வட இந்திய நகரங்களிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நம் தென்னகத்திலிருந்து சவூதிக்குப் போகும் பாதை அரபிக்கடலைக் குறுக்கே கடப்பதால் அந்தத் தடை நம்மைப் பெரிதாகத் தொடவில்லை. நேரடிப் பாதை இருந்தால், இடையில் இன்னொரு நாட்டு விமான நிலையம் மூடப்பட்டதால் மாற்று விமானத்தைத் தவறவிடும் நிலையும் நமக்கு வராது.

ஜனாஸாவுக்கு வர முடியாத பிள்ளைகள்

இந்த மணிக்கணக்கு உண்மையிலேயே வலிப்பது ஒரு வீட்டில் மவுத்து நிகழும்போதுதான்.

ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கம் செய்வதுதான் நமக்குக் கற்றுத்தரப்பட்ட வழிமுறை. காலையில் வஃபாத் என்றால் அஸருக்கோ மஃரிபுக்கோ அடக்கம். ஜித்தாவில் இருக்கும் மகனுக்கு ஃபஜ்ர் நேரத்தில் செய்தி போகிறது. அவர் முதலாளியைப் பார்க்க வேண்டும், போய்த் திரும்பும் விசா எடுக்க வேண்டும். 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த தொழிலாளர் சீர்திருத்தம், தனியார் நிறுவன ஊழியர்கள் முதலாளியின் சம்மதமின்றியே இந்த விசாவைக் கணினி வழியாக எடுக்க வழி செய்தது. ஆனால் வீட்டு ஓட்டுநர்கள், வீட்டு வேலையாட்கள், தோட்டக்காரர்கள், ஆடு மேய்ப்பவர்கள் அந்தச் சலுகைக்குள் வரவில்லை. அந்த வேலைகளில் இருக்கும் நம்மவர்களுக்கு ஜித்தா விமான நிலையத்தின் வாசலே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

விசா கிடைத்து, இருக்கிற டிக்கெட்டை இருக்கிற விலைக்கு வாங்கி, மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர்ந்து, இடையில் ஓர் ஊரில் மாறித் திருச்சிக்கோ, நேராகச் சென்னைக்கோ கொச்சிக்கோ வந்து, அங்கிருந்து சாலைவழியே ஊர் சேர்ந்தால் இருபது, இருபத்துநான்கு மணி நேரம் ஓடிவிடும். திருச்சிக்கு நேரடி விமானம் இருந்து, நேரமும் ஒத்துவந்தால், நம் கணக்குப்படி பன்னிரண்டு மணி நேரத்தில் வீட்டு வாசலில் நிற்கலாம். பன்னிரண்டுக்கும் இருபத்துநான்குக்கும் உள்ள வித்தியாசம், தந்தையின் ஜனாஸா தொழுகையில் நிற்பதற்கும், மறுநாள் கப்ரின் அருகே நின்று துஆ செய்வதற்கும் உள்ள வித்தியாசம்.

நேரடி விமானம் வந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள் என்று நாம் சொல்லவில்லை. விமானம் தினமும் இருக்க வேண்டும், இருக்கை கிடைக்க வேண்டும், அல்லாஹ் நாட வேண்டும். ஆனால் 'வர வாய்ப்பே இல்லை, எடுத்து அடக்கிவிடுங்கள்' என்று தொலைபேசியில் மகனே சொல்ல வேண்டிய நிலை சில வீடுகளிலாவது மாறும்.

தடையாக இருப்பது எது?

முதல் தடை அனுமதி. ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் எந்தெந்த ஊர்களில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்பதை இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்கு வெளிநாட்டு நிறுவனம் விரும்பினாலும் வர முடியாது. மதுரையை இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் சேர்க்க வேண்டும் என்று தென் மாவட்ட வணிகர்களும் மக்கள் பிரதிநிதிகளும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். மதுரைக்குக் கொழும்பு விமானம் 2012ல் வந்தது. பிறகு துபை, சிங்கப்பூர், 2025ல் அபுதாபி என்று மெதுவாக வளர்கிறது. திருச்சி 2012லேயே பன்னாட்டு விமான நிலையமாக அறிவிக்கப்பட்டது. அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. கட்டடம் பெரிதாகிவிட்டது. ஜித்தா என்ற பெயர்தான் பலகையில் இல்லை.

இந்திய நிறுவனங்களைப் பொறுத்தவரை ஊர்ப் பட்டியல் தடை இல்லை. எந்த ஊரிலிருந்து இயக்குவது என்பதை இலாபக் கணக்கைப் பார்த்து அவர்களே முடிவு செய்கிறார்கள்.

இரண்டாவது தடை ஓடுபாதை. திருச்சியின் ஓடுபாதை சுமார் 2,480 மீட்டர், மதுரையுடையது சுமார் 2,285 மீட்டர். முந்நூறு, நானூறு பேரை ஏற்றும் பெரிய விமானங்கள் முழுச் சுமையுடன் ஏறி இறங்க இது போதாது. ஆனால் நூற்று எண்பது பேர் செல்லும் சிறிய விமானங்களுக்கு ஜித்தா எட்டும் தூரம்தான். கோழிக்கோட்டிலிருந்து ஜித்தாவுக்கு அவைதான் பறக்கின்றன. கோழிக்கோட்டைவிடத் திருச்சி ஜித்தாவிலிருந்து 300 கி.மீ. மட்டுமே கூடுதல்.

அதே கோழிக்கோடு நமக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று நடந்த விமான விபத்துக்குப் பின் அங்கே பெரிய விமானங்கள் நிறுத்தப்பட்டன. சிறிய விமானங்களில் ஹாஜிகளை அனுப்புவதால் கட்டணம் ஏறியது. 2025 ஹஜ்ஜில் கொச்சி, கண்ணூர் வழியாகச் சென்றவர்களைவிடக் கோழிக்கோடு வழியாகச் சென்றவர்கள் சுமார் 40,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. ஜித்தாவுக்குத் தூரம் கொச்சியைவிடக் குறைவு, கட்டணமோ அதிகம். ஹஜ் மானியம் 2018லேயே நிறுத்தப்பட்டுவிட்டதால் இந்தக் கூடுதல் தொகை முழுவதும் ஹாஜியின் பையிலிருந்துதான் போகும்.

ஆகவே, "திருச்சியைப் புறப்பாட்டு இடமாக்கு" என்று முழக்கம் எழுப்பும் முன் கட்டணத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். இல்லையென்றால் 400 கி.மீ. சாலைப் பயணத்தை மிச்சப்படுத்தி, அதற்குப் பல மடங்கு பணத்தை விமானத்துக்குக் கொடுத்த கதையாகிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று, கோரிக்கையைச் சரியாக வைப்போம். சென்னைக்குப் பதிலாகத் திருச்சி என்று அல்ல. சென்னையுடன் திருச்சியும் விருப்பத் தேர்வாக வேண்டும். இரு இடத்துக் கட்டணமும் விண்ணப்பிக்கும்போதே தெரிய வேண்டும். எது வேண்டும் என்பதை ஹாஜியே முடிவு செய்யட்டும். சென்னை விமான நிலையத்துக்கு அருகே ஹஜ் இல்லம் அமைக்கத் தமிழக அரசு முன்வந்திருப்பது வரவேற்கத்தக்கது. அதோடு தென் மாவட்ட ஹாஜிகளுக்கான பேருந்து, ரயில் பெட்டி ஒதுக்கீடு, ஆவணங்களை மாவட்டத் தலைநகரிலேயே வழங்குவது ஆகியவற்றையும் கேட்போம். ஆவணங்கள் திண்டுக்கல்லிலேயே கையில் கிடைத்தால் சென்னையில் காத்திருக்கும் ஒரு நாள் மிச்சம். அதற்கு ஓடுபாதையும் வேண்டாம், ஒப்பந்தமும் வேண்டாம்.

இரண்டு, எண்ணிக்கையோடு பேசுவோம். எந்த நிறுவனமும் காலி இருக்கைகளோடு பறக்காது. திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து ஒவ்வொரு சிற்றூர் வரை, தங்கள் மஹல்லாவிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் உம்ரா போகிறார்கள், எத்தனை பேர் சவூதியில் வேலை செய்கிறார்கள், எந்த மாதங்களில் விடுமுறைக்கு வருகிறார்கள் என்று ஜமாஅத்துகள் ஒரு பதிவேடு வைத்தால் போதும். திண்டுக்கல், மதுரை, தேனி, கரூர், திருச்சி, புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களின் பதிவேடுகள் ஒன்றாகச் சேர்ந்தால், நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுக்க நல்ல ஆதாரம் ஆகும்.

மூன்று, உம்ரா குழு நடத்துபவரிடம் விலையை மட்டும் கேட்காமல் நேரத்தையும் கேட்போம். எங்கே மாறுகிறோம், எத்தனை மணி நேரக் காத்திருப்பு, இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா? தனித்தனி என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் பொறுப்பேற்க ஆள் இல்லை. ஐயாயிரம் ரூபாய் குறைகிறதே என்று பதினான்கு மணி நேரம் தரையில் உட்காரவைத்தால், மூட்டுவலிக்காரத் தாயார் முதல் தவாஃபிலேயே தளர்ந்துவிடுவார்.

நான்கு, வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் பாஸ்போர்ட், இக்காமா காலாவதித் தேதிகளைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு ஒரு டிக்கெட் பணத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள். ஊரில் பெற்றோர் நோய்வாய்ப்பட்டிருந்தால் 'பிறகு பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள். மவுத்துச் செய்தி வந்த பிறகு ஓடிவருவதைவிட, உயிரோடு இருக்கும்போது வந்து பத்து நாள் பணிவிடை செய்வதில்தான் அவர்களுக்கும் மகிழ்ச்சி, நமக்கும் நன்மை. இதற்கு யாருடைய ஒப்பந்தமும் தேவையில்லை.

அடுத்த பக்ரீத் சந்தையிலும் அதே கேள்வி வரும், "இங்கேயிருந்து எத்தனை மணி நேரமாச்சு?" என்று. விமானத்தின் ஆறு மணி நேரத்தில் நாம் ஒரு நிமிடத்தையும் குறைக்க முடியாது. மற்ற முப்பத்துச் சொச்சம் மணி நேரத்தில் பாதியையாவது ஊர் கூடி முயன்றால் குறைக்கலாம், இன்ஷா அல்லாஹ். தன் வீட்டைத் தரிசிக்கும் பாக்கியத்தை நம் பெரியவர்களுக்கு இலகுவாக்கி, தூர தேசத்தில் உழைக்கும் நம் பிள்ளைகளை நலமோடு வீடு சேர்ப்பானாக. ஆமீன்.